ஸ்டேஷன் ரைட்டர்

எங்கள் தாலுகாவில் மிகக் கவனமாகப் படிக்கப்படும் எழுத்தாளர் யார் என்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்வோம்: காவல் நிலையத்து ரைட்டர். இந்த இதழ் சில நூறு படிகள் அச்சாகிறது. பாதி, நண்பர்களுக்குச் சும்மா போகிறது. மீதியில் ஒரு பங்கு திருமங்கலம் பேருந்து நிலையத்துக் கடையில் வெயிலில் பழுத்துத் திரும்பி வருகிறது. ரைட்டர் எழுதுவதோ நாலைந்து படிகள்தான். ஆனால் ஒரு சொல் விடாமல் படிக்கிறார்கள்: இன்ஸ்பெக்டர், நடுவர், அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், அந்த வக்கீலின் ஃபீஸுக்காக வளையலை அடகு வைத்த அத்தை. 'மேற்படி நபர்' என்று அவர் எழுதியதும் ஒரு ஆளுக்குப் பெயர் போய்விடுகிறது. 'பொதுமக்களிடையே அச்சத்தை ஏற்படுத்தும் விதமாக' என்று ஒரு தொடரைச் சேர்த்தால் ஜாமீனும் போய்விடுகிறது.

பேச்சுரிமை, சமய உரிமை என்று தலையங்கம் எழுத உட்கார்ந்தால் அரசியல் சாசனத்தின் 19, 25 என்று தொடங்குவதுதான் வழக்கம். நாங்கள் ரைட்டரில் தொடங்கக் காரணம் வாடிப்பட்டி.

2021ஆம் ஆண்டு வாடிப்பட்டியைச் சேர்ந்த இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர் மகள், மருமகனோடு சிறுமலைக்குப் போனார். படம் எடுத்தார். துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைக்குப் பயணம் என்கிற மாதிரி ஒரு தலைப்பைக் கொடுத்து முகநூலில் போட்டார். குசும்பு. மதுரைப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் இதைவிடப் பெரிய குசும்பெல்லாம் காலை ஆறு மணிக்கே நடக்கும். வாடிப்பட்டிப் போலீசுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் 120பி, 122, 505(1)(பி), 507 என்று நான்கு பிரிவுகளைப் போட்டார்கள். இதில் 122 என்பது அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆளோ ஆயுதமோ சேர்ப்பது, வேறு விதத்தில் ஆயத்தமாவது.

அந்தப் பிரிவுகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 120பி கூட்டுச்சதி. சதிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்; இந்த வழக்கில் எதிரி ஒருவர்தான். 507, தான் யாரென்று மறைத்துக்கொண்டு மிரட்டுவது. இவரோ சொந்தப் பக்கத்தில், சொந்தப் பெயரில் படத்தைப் போட்டவர். 122க்கு ஆளோ ஆயுதமோ போர் ஆயத்தமோ வேண்டும். மலைக்குப் போனது குடும்பம். இவ்வளவையும் கண்டுபிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பிரிவின் வாசகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும். யாரோ ஒருவர் அப்படிப் படிக்காமல் எழுதினார், இன்னொருவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். வாடிப்பட்டி நீதித்துறை நடுவர் மறுத்துவிட்டார். இந்தக் கதையில் எங்களுக்குக் கதாநாயகர் அவர்தான். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு நூலகம் இருக்கிறது, முன்னால் இரண்டு தரப்பு வக்கீல்களும் நின்று வாதாடுகிறார்கள், யோசிக்க நாலு நாள் தள்ளிவைக்கலாம். தாலுகா நடுவர் முன்னால் இருப்பது ஒரு கட்டுக் காகிதம், வாசலில் போலீஸ் வண்டி, அன்றைய வாய்தாவுக்கு வந்து வராந்தாவில் குந்தியிருக்கும் கூட்டம். பதினைந்து நாள் காவல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அரை நிமிட வேலை. யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. நடைமுறையில் மறுப்பதென்றால்தான் காரணம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கையே ரத்து செய்தார். நடுவரையும் மனம்விட்டுப் பாராட்டினார். அந்தத் தீர்ப்பு பிரபலமானது. படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் சிரிப்பதையும் ஒரு கடமையாகச் சேர்க்கலாம் என்ற நையாண்டியோடு தொடங்கும். வேடிக்கையாகப் பேசும் உரிமை 19(1)(அ)வுக்குள்ளேயே இருக்கிறது என்று போகும். எந்த ஊரில் எது தொடக்கூடாத புனிதப் பசு என்று ஒரு பட்டியலும் வரும். வங்கத்துக்குத் தாகூர், நம்மூருக்குப் பெரியார் என்று. அந்தப் பட்டியலோடு சண்டை போட நினைப்பவர்கள் போடலாம். சண்டை போடலாம் என்பதுதானே தீர்ப்பு.

ஆனால் ஒன்று. கேலி தமிழில் நடந்தது. புகார், வாக்குமூலம், ஸ்டேஷன் காகிதம் எல்லாம் தமிழில் நடக்கிற ஊர் இது. அந்தக் கேலிக்கு விடுதலை கொடுத்த தீர்ப்பு மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் ஆங்கில நாளேடுகளின் நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர்களை அறிந்தவர்களுக்கே முழுதாகச் சிரிப்பு வரும் ஆங்கிலத்தில். வாடிப்பட்டிச் சந்தையில் அதை வாசித்துக் காட்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நீதிபதியைக் குறை சொல்ல வரவில்லை. சாசனத்தின் 348 அவர் கையைக் கட்டியிருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கு வேண்டுமென்று நம் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டது. 2010ல் மதுரை வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இன்னும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் புதுக் கோரிக்கை என்று நினைப்பவர்கள் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். முன்சீப் வேலை பார்த்தவர். சதர் அதாலத் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். கிறிஸ்தவர், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர். பதினேழு ஆண்டு கழித்து, 1879ல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. தமிழின் முதல் நாவலை எழுதியவர் அதற்கு முன்பே தீர்ப்பைத் தமிழில் எழுதிப் பழகியவர் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. கட்சிக்காரனுக்குப் புரியாத இங்கிலீஷில் வக்கீல்கள் வாதாடும் கூத்தை அந்த நாவலிலேயே கிண்டல் செய்திருக்கிறார். மதம், மொழி, சட்டம் மூன்றையும் ஒரே பேனாவால் எழுதிய ஒரு முன்சீப் நமக்கு இருந்தார். அவருக்குப் பிறகு அந்த வரிசை அறுந்துபோனது.

அமெரிக்காவில் அப்படி ஒரு பேராசிரியர் இருக்கிறார். யூஜின் வோலோக். 1968ல் கீவ் நகரத்தில் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டு சட்டம் நடத்தினார். பேச்சுரிமைக்கு ஒரு பாடநூல், சமய உரிமைக்கு ஒரு பாடநூல், சட்ட மாணவர்கள் கட்டுரை எழுதுவது எப்படி என்று 2003ல் ஒரு நூல். அவருடைய முடிவுகள் பலவும் நம் மண்ணுக்குப் பொருந்தாது. அவர்கள் சாசனத்தில் நம்முடைய 19(2) மாதிரி ஒரு கடிவாளம் எழுத்தில் இல்லை. ஆனால் அவர் ஒரு நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார். அதை நம்மூர்த் தமிழில் 'தடைப் பொறாமை' என்று சொல்லலாம். அவனைப் புண்படுத்தியதற்குத் தடை போட்டாயே, என்னைப் புண்படுத்தியதற்கு ஏன் போடவில்லை என்று கேட்கும் பொறாமை. ஒரு தடை, அடுத்த தடைக்கு விண்ணப்பப் படிவமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980களின் கடைசியில் 'ஒரே ஒரு கிராமத்திலே' படம், இட ஒதுக்கீட்டை விமர்சித்தது என்று. 2006ல் 'டாவின்சி கோட்'. அரசு தடை போட்டது, உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே நீக்கியது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்'. மாவட்டத்துக்கு மாவட்டம் 144 உத்தரவு. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் 'மாதொருபாகன்' நாவல். சாதி, கிறிஸ்தவம், இஸ்லாம், இந்து என்று வரிசையில் யாரும் விடுபடவில்லை. 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது: கலவரம் வரும் என்று மிரட்டினால் மிரட்டுபவனை அடக்குவது அரசின் வேலை, படத்தை நிறுத்துவது இல்லை, பேச்சை அடக்குவதானால் அது வெடிமருந்துப் பீப்பாய்க்குள் விழுந்த பொறிபோல உடனடி ஆபத்தாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் மேலே சொன்ன மற்ற மூன்றும் நடந்தன.

ஏன்? தீர்ப்பு இருக்கும் இடம் வேறு, முடிவு எடுக்கும் இடம் வேறு. நம் ஊர்களில் பேச்சுரிமையும் சமய உரிமையும் முடிவாவது சமாதானக் கூட்டத்தில். கோட்டாட்சியர் அறையில், அவருக்கு வலப்பக்கம் டி.எஸ்.பி., எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இரு தரப்பு, காகிதக் கப்பில் டீ. கோயில் முதல் மரியாதை, சப்பர வீதி, ஒலிபெருக்கி, சுவரொட்டி எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஒரு கூட்டத்தில், பேசியது மூன்று மணி நேரம், எழுதியது பதினோரு வரி. இளநிலை உதவியாளர் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். 'சட்டம் ஒழுங்கு' இரண்டு இடத்தில் வந்தது. 'ஒத்துழைப்பு' மூன்று இடத்தில். 'உரிமை' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

'மாதொருபாகன்' எழுதிய பெருமாள்முருகனை எழுத்தைவிட்டே அனுப்பியது நீதிமன்றமோ சட்டப் பிரிவோ அல்ல, அப்படி ஒரு தாள்தான். 2015 ஜனவரி 12, நாமக்கல் ஆட்சியர் அலுவலகம். வெளியே கூட்டம், உள்ளே கையெழுத்து. அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு, அந்த உடன்பாடு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றது. நூற்றறுபது பக்கத்தை ஒட்டிய அந்தத் தீர்ப்பு, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து வந்து எழுதட்டும் என்ற மிகச் சிறிய வாக்கியத்தில் முடிகிறது. அப்படி ஒரு தாளைச் செல்லாததாக்க அத்தனை பக்கங்களும் பதினெட்டு மாதங்களும் தேவைப்பட்டன.

மதுரைக்கு ரயிலில் போகும்போது ஜன்னலில் திருப்பரங்குன்றம் தெரியும். அந்த மலை யாருடையது என்ற வழக்கு 1923ல் மதுரைக் கோர்ட்டில் தீர்ப்பாகி, 1931ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது, முடிந்ததாக நினைத்தோம். 2025 ஜூனில் ஆடு, கோழி பலி விவகாரத்தில் இரு நீதிபதிகள் இரு தீர்ப்பு எழுதினார்கள். டிசம்பரில், மலையிலுள்ள தீபத் தூணில் விளக்கேற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அதை எழுதியவர் வாடிப்பட்டி வழக்கை ரத்து செய்த அதே நீதிபதி. ஒன்றுக்குக் கைதட்டியவர்கள் மற்றதற்கு ஏசினார்கள்; ஏசியவர்கள் கைதட்டினார்கள். இந்த அலுவலகத்துக்கு வந்து எங்களிடம் வாதாடியவர்களை எண்ணிக் கேட்டோம். 1931 தீர்ப்பையும் சரி, 2025 உத்தரவையும் சரி, படித்தவர் ஒருவரும் இல்லை. டி.வி.யின் அடிவரிதான் எல்லாருக்கும் மூலப் பிரதி. எங்கள் ஊரான திருமங்கலத்தின் பெயர் 2009 இடைத்தேர்தலில், ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் 'ஃபார்முலா'வாகி நாடு முழுக்கப் போனது. அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பக்கத்து மலையைப் பற்றிய தீர்ப்பைப் படிக்க ஆளில்லை.

கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)இன்படி, மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, பதினான்கு நாளைக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்த்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம். 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்றது. வாடிப்பட்டியில் அன்று இது இருந்து, 122 மாதிரி பெரிய பிரிவுக்குத் தாவாமலும் இருந்திருந்தால், ரைட்டர் பேனாவை எடுக்குமுன் யாராவது படத்தைப் பார்த்திருக்கலாம். இப்போது இருக்கிறது. அதை நம் ஸ்டேஷன்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்பது வேறு.

சட்டக் கல்லூரிகளில் மனு, பத்திரம் எழுத ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் நன்றாக எழுதச் சொல்லித்தரும் பேராசிரியர் யாராவது மதுரையில் இருந்தால், இந்த இதழில் அவருக்கு மாதம் நான்கு பக்கம் ஒதுக்கத் தயார். சன்மானம் மட்டும் கேட்கக்கூடாது. நம் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழில் தீர்ப்பு எழுதச் சட்டம் இடம் தருகிறது, எழுதவும் செய்கிறார்கள். 'மேற்படி'யும் 'மேற்கண்டவாறாக'வும் இல்லாமல், தோற்றவருக்கும் தான் ஏன் தோற்றோம் என்று விளங்கும்படி எழுதப்பட்டவை அவற்றுள் இருக்கத்தான் செய்யும். வாசகர்களில் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வழக்காடி நொந்தவர்கள் பலர். உங்கள் கட்டில் அப்படி ஒரு ரிமாண்டு மறுப்போ, தீர்ப்போ, ஒழுங்காக எழுதிய சமாதானக் கூட்டப் பதிவோ இருந்தால், ஆட்களின் பெயரை அடித்துவிட்டு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த இதழின் சிறுகதைப் பக்கத்தில் அதைப் போடுகிறோம்.