வறட்சி தாங்கும் மக்காச்சோளமும் எழுதப்படாத செலவும்

"வறட்சியைத் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு!" செய்தித்தாளின் ஏதாவது ஒரு மூலையில் இப்படி ஒரு செய்தி அவ்வப்போது வரும். படிப்பவர்களும் இனி பஞ்சமே இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்தக் குணத்துக்காக செடி என்ன செலவு செய்கிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. வரவை மட்டும் எழுதிய பேரேடு மாதிரிதான் இது.

மக்காச்சோளத்தில் பல்லாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. எது எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை படியெடுத்தல் காரணிகள் என்ற புரதங்கள். இவற்றை 'சுவிட்ச்' என்பார்கள். மின்விசிறி ரெகுலேட்டர் என்றால் இன்னும் பொருந்தும்.

மக்காச்சோளத்தின் முன்னோர் தியோசிந்தே என்ற புல். பக்கக் கிளைகள் நிறைய விட்டுப் புதர் போல வளரும். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிகோவில் மனிதர்கள் அதைப் பயிராக்கினார்கள். கிளைகளை அடக்கும் 'டிபி1' என்ற காரணி இரண்டிலுமே உண்டு. மக்காச்சோளத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம், அந்த மரபணுவிலிருந்து பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி வந்து உட்கார்ந்த ஒரு 'தாவும்' டி.என்.ஏ. துண்டு என்று 2011ல் தெரிந்தது. ரெகுலேட்டர் சற்றுத் திரும்பியது, புதர் ஒற்றைத் தண்டானது!

வறட்சிக்கும் இதே கதைதான். தண்ணீர் குறைந்தால் 'ட்ரெப்' வகைக் காரணிகள் பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். அப்படியானால் அவற்றை எப்போதும் ஓடவிட்டால் என்ன? ஜப்பானிய விஞ்ஞானிகள் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் செய்து பார்த்து 1999ல் வெளியிட்டார்கள். செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குட்டையாகிப்போனது. நெருக்கடி வந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றியபோது வளர்ச்சி பெரிதாகக் கெடவில்லை. காப்பீட்டு பிரீமியம் போலத்தான். (முகவர்கள் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள், அது வேறு விஷயம்.)

மக்காச்சோளத்தில் 2015ல் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே காட்டுகிறது. ஒரு 'நாக்' வகை மரபணுவின் முன்பகுதியில் 82 எழுத்துத் துண்டு ஒன்று நுழைந்ததால் அதன் இயக்கம் குறைந்து, நாற்றுகள் வறட்சிக்கு வாடுகின்றன. எவ்வளவு, எப்போது என்பதுதான் இங்கேயும் கேள்வி.

ஆப்பிரிக்காவில் மக்காச்சோளம் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். மழை பொய்க்குமா என்று விதைக்கும் நாளில் யாருக்குத் தெரியும்? நல்ல மழை பெய்த ஆண்டிலும் செடி பதுங்கியே நின்றால் நஷ்டம் விவசாயிக்குத்தான். எனவே புது விதையை அறிவிப்பவர்கள், வறண்ட ஆண்டின் விளைச்சலுக்குப் பக்கத்திலேயே மழை ஆண்டின் விளைச்சலையும் அச்சிட வேண்டும், அதுவும் விதைப் பையின் மேலேயே.