எச்சரிக்கை விளக்கு

ஓட்டுநர் சகோதரரே, 2 டன் எடையுள்ள சொகுசு எஸ்.யு.வி.யைக் கண்டாலா மலையிறக்கத்தில் தாங்கி நிறுத்துவது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிரேக் பேடே. அது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடவேண்டும். எச்சரிக்கை விளக்கை அசட்டை செய்தால், இரும்போடு இரும்பு உராய்ந்து டிஸ்கும் கெடும். டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே அது தேய்ந்திருந்தால், பேடை மட்டும் மாற்றுவது போதாது. ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றியபின், வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள்.

செலவைக் கேட்டு முதலாளி முகம் சுளிக்கலாம். ஆயினும் உண்மையை மறைக்காதிருங்கள். பின்னிருக்கையில் அவருடைய பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். நமது மனச்சாட்சியும் தேவன் வைத்த எச்சரிக்கை விளக்கே. அது எரியும்போதே சீர்ப்படுகிறவன் பாக்கியவான்.