பல்லுக்கொதிக்கு நல்லூர்க் கொடியேற்றம் வரை தவணையா?

சென்ற இதழில் லண்டன்வாழ் அன்பர் ஒருவர் எழுதிய கட்டுரையை வாசித்தபோது எனக்கே கொடுப்புப் பல்லில் ஒரு கூச்சம் ஓடியது. அவர் சொன்னது இதுதான். வெளிநாட்டில் நல்ல பல் வைத்தியர் கிடைக்கமாட்டார், கிடைத்தால் கொள்ளையடிப்பார், கொள்ளையடிக்காதவரிடமும் எங்கள் பல்லுக்கொதியை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த முடியாது. ஆகவே புலம்பெயர்ந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஆடி, ஆவணி வரை பொறுத்து, நல்லூர்த் திருவிழாவோடு யாழ்ப்பாணம் வந்து, இரண்டு கிழமைக்குள் வாய் முழுவதையும் திருத்திக்கொண்டு விமானம் ஏறுவதே புத்தி. காசும் மிச்சம், ஊருக்கும் வருமானம். இவ்வளவுக்கும் அவர் காட்டும் ஒரே ஆதாரம் அவர் வாயிலுள்ள மூன்று கிரவுன்கள்.

நல்லூரானுக்குக் காவடி நேர்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன், தூக்குக்காவடியும் கண்டிருக்கிறேன். சூத்தைப் பல்லை நேர்ந்து வைத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கவேண்டும்.

அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இங்கிலாந்தில் என்எச்எஸ் என்னும் அரச சுகாதார சேவையின் பல் வைத்தியர் ஒருவரிடம் புதிதாகப் பதிவது இப்போது பெரும்பாடு. 2024 பெப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் ஒரு நிலையம் புதிய நோயாளரைப் பதிகிறது என்றதும் நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டினார்கள், பொலிஸ் வந்து ஒழுங்குபடுத்தவேண்டியதாயிற்று. சுவிஸில் அடிப்படைக் காப்புறுதி சாதாரணப் பல் வைத்தியத்தைத் தொடுவதேயில்லை. கட்டுரையை எழுதியவர் சுவிஸ்காரராக இருந்திருந்தால் நானும் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்பேன். ஆனால் தேடுவது கடினம் என்பதிலிருந்து தேடத் தேவையில்லை என்ற முடிவுக்கு எப்படிப் பாய்ந்தார்? மானிப்பாய் பஸ் பிந்துகிறது என்பதற்காக யாரும் வீடு போகாமல் பஸ் நிலையத்திலேயே பாய் விரித்துப் படுப்பதில்லை.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம், அவர் அதிகம் பெருமைப்படுவது அதில்தான். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி இங்கிலாந்தில் என்எச்எஸ் பரிசோதனைக்கு 27.40 பவுண். பல்லு அடைப்பது, பிடுங்குவது, வேர்ச்சிகிச்சை எல்லாம் சேர்ந்த ஒரு சிகிச்சைத் தொடருக்கு 75.30. கிரவுன், கட்டுப்பல் வரை போனால் 326.70. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சதமும் இல்லை. ஆவணி மாதத்து விமான டிக்கெட் என்ன விலை என்று அன்பருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ‘டிக்கெட் காசைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, எப்படியும் ஊருக்கு வரத்தானே போகிறோம்’ என்கிறார். சரி, சேர்க்கவேண்டாம். மார்கழியில் தொடங்கிய கொதிக்கு ஆடி வரை விழுங்கிய வலிக்குளிசைகளையாவது சேர்ப்பாரா?

ஜேர்மனியில் இருப்பவர்களுக்கு இவருடைய புத்திமதி நேரடி நட்டம். அங்கே வருடாவருடம் பல்லைக் காட்டி ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்துவித்து வைத்திருந்தால், பின்னொரு காலம் கிரவுனோ கட்டுப்பல்லோ தேவைப்படும்போது காப்புறுதி கொடுக்கும் பங்கு கூடும். சாதாரணமாக அடிப்படைச் செலவில் 60 வீதம். ஐந்து வருட முத்திரை இருந்தால் 70, பத்து வருடமென்றால் 75. ‘ஊரில் பார்ப்போம்’ என்று ஒரு வருடத்தை விட்டவருக்கு அந்த முத்திரை நல்லூரில் கிடைக்காது. கனடாவில், பல் காப்புறுதி இல்லாத, வருடக் குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்களுக்கென்று அரசாங்கத்தின் பல் பராமரிப்புத் திட்டம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மறுவருடம் 18 முதல் 64 வயதினருக்கும் திறந்துவிட்டார்கள். இதில் ஒரு வரியாவது கட்டுரையில் உண்டா? கிடையாது.

இனி இரண்டு கிழமைக் கதை. கட்டுரையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இது.

பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் படித்துவிட்டு வந்து இங்கே யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் எங்கள் வைத்தியர்களின் கையை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அன்பர் புகழ்வதும் அவர்களைத்தான். ஆனால் அவர்களோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இங்கிலாந்தின் பதிவுப் பரீட்சையை எழுதித் தேறி இன்றைக்கு அங்கேயே பல் பார்க்கிறார்கள். ஐயாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்து தேடும் கை, அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தள்ளி இருக்கலாம். அது போகட்டும். கை நல்ல கைதான், நீங்கள் கொடுக்கும் நாள்தான் போதாது.

பல் வைத்தியர் ஒருவர் சொல்லக்கூடிய மிகப் பெறுமதியான வசனம், ‘சின்னச் சூத்தைதான், இப்ப தொடவேண்டாம், ஆறு மாதத்தால வாங்கோ பாப்பம்’ என்பது. இந்த வசனத்தை வியாழக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்கவேண்டிய மனிசனிடம் எப்படிச் சொல்வது? சொல்ல முடியாதபடியால் துளைக்கிறார்கள். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்குகிறார்கள். பிழை அவர்களில் இல்லை. திகதி குறித்த வாயோடு வந்தவரில் இருக்கிறது. வெள்ளைக்காரன் தேவையில்லாமல் துளைக்கிறான் என்று ஒரு பக்கம் எழுதியவர், தேவையில்லாமல் துளைக்கவேண்டிய இக்கட்டைத் தானே பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்.

இம்பிளான்ட் வைக்கலாமாம், அதுவும் பன்னிரண்டு நாளில்! 1965 இல் சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் பிரானமார்க் என்பவர் முதல் நோயாளிக்கு டைட்டேனியத் திருகாணியை வைத்த காலந்தொட்டு இந்த வித்தையின் உயிரே எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டுவதுதான். அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் விடுகிறார்கள். திருவிழாவுக்கே இருபத்தைந்து நாள் கொடுக்கிறோம், எலும்புக்குப் பன்னிரண்டு! கிரவுனும் அப்படித்தான். பூட்டிய பிறகு சில நாள் சப்பிப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்பது தெரியும். அன்பருக்கு அது தெரியவரும்போது அவர் குரோய்டனில் சோபாவில் இருப்பார். அங்கே பல் வைத்தியரும் இல்லை, இங்கே எடுத்த எக்ஸ்ரேயும் கையில் இல்லை.

என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். வேலையிடத்துக் காப்புறுதி பல்லுக்கும் உண்டு. பங்குனியில் தொடங்கிய கொதியை ‘எல்லாம் ஊருக்குப் போகேக்க பாப்பம் எண்டு இருந்திட்டன் அக்கா’ என்று சொன்னவன். விமானம் உயர உயர உள்ளே அழுத்தம் குறையும். சூத்தைப் பல்லுக்குள் அகப்பட்ட காற்று விரியும். பாதி வழியில் அழுதே விட்டானாம். வந்து இறங்கும்போது ஒரு பக்கக் கன்னம் மாங்காய்போல இருந்தது. இங்கே பார்த்த வைத்தியர், பங்குனியிலேயே வேர்ச்சிகிச்சை செய்திருந்தால் பல் நின்றிருக்கும் என்றார். முரசுக்குள் சீழ். பிடுங்கினார்கள். தேர்த்திருவிழாவன்று பெடியன் வீட்டில் கஞ்சி குடித்தான்.

இதிலும் மோசமானது ஒன்று உண்டு. பல் வைத்தியர் பல்லை மட்டும் பார்ப்பதில்லை. நாக்கின் கீழ், கன்னத்தின் உட்புறம் எல்லாம் பார்க்கிறார். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. ஸ்காபரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வெற்றிலைத் தட்டம் இல்லாத கிழடுகள் எத்தனை பேர்? மூன்று கிழமையில் ஆறாத வாய்ப்புண்ணை உடனே காட்டவேண்டும். ‘ஆடி வரை பொறுங்கள்’ என்று அச்சில் எழுதுகிறவர், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு காலை போய்விட்டு வந்து எழுதட்டும்.

மொழி பற்றி அவர் சொன்னதுதான் கட்டுரையில் கொஞ்சமாவது பாரமான இடம். கொதி, உளைவு, குத்து, கூச்சம், விண்விண் என்று எங்களுக்குப் பல்லுக்கே ஒரு அகராதி உண்டு, அது உண்மை. ஆனால் வைத்தியர் உங்கள் சொல்லை மட்டும் நம்பி வாய்க்குள் கை வைப்பதில்லை. தட்டிப் பார்ப்பார், குளிர் வைத்துப் பார்ப்பார், படம் எடுப்பார். என்எச்எஸில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் காசில்லாமல் ஒழுங்கு செய்யவேண்டும். ரொறன்ரோவில் தமிழ் பேசும் பல் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளை எண்ணினால் கை விரல் போதாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழ் படித்து, உடற்கூற்று நூலைத் தமிழாக்கி, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருடம் லண்டனில் இருந்த அன்பருக்கு ‘விண்விண்’ என்பதற்கு ஒரு ஆங்கிலச் சொல் அகப்படவில்லையாம்.

கொள்ளை என்கிறீர்களா? சிகிச்சைத் திட்டத்தை விலையோடு எழுதித் தரும்படி கேளுங்கள். அதை இன்னொருவரிடம் காட்டுங்கள். அவர் பதிவு பெற்றவரா என்று இங்கிலாந்தின் பல் மருத்துவப் பேரவைப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். காசு முடையென்றால் பல்கலைக்கழகப் பல் மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன; ரொறன்ரோவில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க மாணவர் செய்வார், நேரம் எடுக்கும், விலை குறைவு.

‘ஊருக்கு வருமானம்’ என்ற உபகாரத்துக்கும் ஒரு வார்த்தை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். மிஞ்சியவர்கள் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் தனியார் கிளினிக் என்று ஓடுகிறார்கள். போன ஆவணியில் என் மகளின் பல்லை அடைக்க ஒரு கிளினிக்கில் நம்பர் கேட்டேன். ‘வெளிநாட்டு ஆக்கள் நிறையப் பேர் அக்கா, நாள் குறைவாம், இரண்டு கிழமையால வாங்கோ’ என்றாள் மேசையில் இருந்த பிள்ளை. கதிரை முழுக்கப் பெட்டியில் எயார்லைன் துண்டு தொங்கும் குடும்பங்கள். நான் கொக்குவில்காரி, எனக்கு ஆவணியும் ஊர்தான், ஐப்பசியும் ஊர்தான், ஆகவே எனக்கு நாள் குறையாது என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். மகள் இரண்டு கிழமையும் ஒரு பக்கத்தால் சப்பினாள்.

தம்பி இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரிடம் பதிந்து, ஆறு மாதத்துக்கொருமுறை போகிறான். இந்த வருடமும் கொடியேற்றத்துக்கு வருகிறான். கோயில் வீதியில் கச்சான் வாங்கிக் கொறிக்கவேண்டுமாம். லண்டன் அன்பருடைய மூன்று கிரவுன்களும் வறுத்த கச்சானுக்குத் தாக்குப் பிடிக்கின்றனவா என்பதைக் கட்டுரையில் எங்கும் காணவில்லை.