எலியைக் காத்த மூலிகை மனிதரையும் காக்குமா?

மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டுப் பக்கவாதம் வந்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன. ஆக்ஸிஜன் நின்றதும் செல்லின் ஆற்றல் வற்றுகிறது. குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தி வெளியே கொட்டுகிறது, கால்சியம் அளவுமீறி உள்ளே பாய்கிறது, மைட்டோகாண்ட்ரியா சிதைகிறது. அடுத்து அழற்சி தொடங்குகிறது.

இந்தச் சேதத்தைச் சீன மரபு மருந்துகள் தடுப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. வாங் சிங்ரென் 1830இல் எழுதிய நூலில் வரும் ‘பூயாங் ஹுவான்வூ’ கஷாயம் அவற்றில் புகழ்பெற்றது. ஆஸ்ட்ரகாலஸ் வேர், மண்புழு உள்ளிட்ட ஏழு சரக்குகளால் ஆன அது, எலி மூளையில் அழற்சியைக் குறைப்பதாகவும் புதிய ரத்தக் குழாய்கள் உருவாக உதவுவதாகவும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

அந்த முடிவுகளை நான் ஒதுக்கவில்லை. ஆனால், அவற்றை மட்டும் நம்பி நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. நவீன மருத்துவமே இதில் அடிபட்டிருக்கிறது. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து விலங்குகளின் மூளையைக் காத்தது. 2006இல் வெளியான முதல் பெரிய மனித ஆய்வும் நம்பிக்கை தந்தது. அதைவிடப் பெரிய அடுத்த ஆய்வு, பயனில்லை என்று 2007இல் காட்டிவிட்டது. ஆய்வக எலி பெரும்பாலும் இளமையானது, நோயற்றது; அதற்கு உடனே மருந்து கிடைக்கிறது. நம்மிடம் வருபவரோ முதியவர். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர். பல மணி நேரம் கழித்து வருபவர்.

சீன மருந்துகளும் இதே தேர்வை எழுதத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், இலங்கை உள்ளிட்ட நாடுகளில் 1,100 நோயாளிகளிடம் நியூரோஎய்ட் என்ற சீன மரபு மருந்து சோதிக்கப்பட்டது. மூன்று மாத முடிவில் அது வெற்று மருந்தைவிட மேலானது என்று நிறுவ முடியவில்லை. அந்த முடிவு 2013இல் ஒளிவுமறைவின்றி வெளியானது. செலரி விதையில் கண்டறியப்பட்டு இன்று செயற்கையாகத் தயாரிக்கப்படும் பியூட்டைல்ப்தாலைடு, சீனாவில் 1,216 பேரிடம் சோதிக்கப்பட்டது. அவர்கள் அனைவருக்கும் அடைப்பை நீக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, 90 நாள்களில் நன்கு மீண்டவர்கள், இந்த மருந்து பெற்றவர்களில் 56.7 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 44 சதவீதம். இதைப் பிற நாடுகளிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மரபு மருந்தை மதிப்பவர்கள்தாம் இத்தகைய சோதனைகளை உரக்கக் கேட்க வேண்டும். தோற்ற முடிவுகளும் வெளியாக வேண்டும். அதுவரை குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் கஷாயம் தேடாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

- கட்டுரையாளர், நரம்பியல் மருத்துவர்.