மறுப்பு வேறு, தீர்ப்பு வேறு

தில்லியிலுள்ள பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிக்கை தரும்; செய்தியாளர்கள் துருவிக் கேட்பர்; மறுநாள்தான் செய்தி வாசகரைச் சேரும். சமூக ஊடகங்கள் அந்த இடைவெளியை அழித்துவிட்டன. அரசுத் துறைகள் இன்று மக்களிடம் நேரடியாகவே பேசுகின்றன. இடையில் கேள்வி கேட்க எவருமில்லை என்பது ஆட்சியாளர்களுக்கு வசதிதான்.

அதே வேகத்தில் பொய்யும் பரவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. இல்லாத வேலைக்கும் போலி உதவித்தொகைக்கும் ஏமாறுவோரை எச்சரிக்க, அந்த அலுவலகம் 2019-ல் தொடங்கிய உண்மை சரிபார்ப்புப் பிரிவு பயனுள்ளதே. ஆனால், 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் அத்துடன் நிற்கவில்லை. மத்திய அரசின் செயல்பாடு குறித்த ஒரு பதிவைப் பொய் என்று அரசின் பிரிவே முத்திரை குத்தலாம். அதன் பிறகும் அதை நீக்காத சமூக ஊடக நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். வழக்குக்கு அஞ்சும் நிறுவனம் உண்மையை ஆராய்ந்துகொண்டா இருக்கும்? நீக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

2024 மார்ச் 20-ல் இந்த அதிகாரம் அப்பிரிவுக்கு அளிக்கப்பட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. தன் மீதான செய்தி தவறு என்றால் அரசு தாராளமாக மறுக்கட்டும். அதற்கான ஆவணங்களையும் உடன் வெளியிடட்டும்.