வீடு போகும் பொத்தான்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில் எரியோடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள். வயது அறுபத்தெட்டு. இரண்டு ஏக்கர் புஞ்சை, நாலு ஆடு, ஒரு செல்போன் ஆகியவை அவளுடைய ஆஸ்தி. இவற்றில் ஆடுகள் சொன்ன பேச்சைக் கேட்கும். செல்போன்தான் கேட்பதில்லை.

போன மாதம் நான் அங்கே போனபோது, காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்த கையோடு போனையும் கொடுத்தாள்.

"ஏப்பா, இதுல வீடு மாதிரி ஒரு படம் போட்டிருக்கானே, அதைத் தொட்டா எங்கிட்டுப் போகுது பாரு."

தொட்டுப் பார்த்தேன். செய்தி, சினிமா, ஜோசியம், முடி வளர்க்கும் தைலம் எல்லாம் கலந்த ஒரு பக்கம் வந்து நின்றது. போனைச் செய்து விற்ற கம்பெனியார் அந்தப் படத்துக்குப் பின்னால் இந்தப் பக்கத்தை முன்கூட்டியே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! வீட்டுப் படம் என்னவோ பெரியம்மாவின் போனில்தான் இருந்தது. ஆனால் வாசல் வேறு யாருடையதோ.

"இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம், பெரியம்மா?" என்று கேட்டேன். அப்போதுதான் சங்கதி வெளியே வந்தது.

பெரியப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. பட்டாவில் பெயர் மாற்ற மனுப் போட்டிருக்கிறாள். மாறிவிட்டதா என்று பார்க்க வாரத்துக்கு ஒரு தடவை கடைத்தெருவில் உள்ள பிரௌசிங் சென்டருக்குப் போகிறாள். அங்கே இருபது ரூபாய் செலவாகிறது. இருபது ரூபாய் போனால் போகிறது. ஆனால் ஒரு பொழுது கெட்டுப் போகிறதே! ஒருநாள் "நாமே பார்ப்போமே" என்று போனில் தேடியிருக்கிறாள். பட்டா என்று கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் வந்தது. பெயர், சர்வே நம்பர் எல்லாம் கேட்டது. கடைசியில் இருநூறு ரூபாய் கட்டு என்றது. நல்ல வேளையாக அந்தச் சமயம் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. பெரியம்மா ஆட்டைப் பிடிக்கப் போனாள், பணம் தப்பிற்று.

வாசகர்களே, தமிழ்நாடு அரசின் தளத்தில் பட்டா விவரத்தைப் பார்ப்பதற்குக் காசே கிடையாது. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். 'இ-சர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்' என்பது அதன் விலாசம். கடைசியில் வரும் 'கவ் டாட் இன்' என்ற வால்தான் முக்கியம். அது அரசாங்கத்தாருக்கு மட்டுமே கிடைக்கும். வால் வேறாக இருந்தால் ஆசாமியும் வேறு.

ஆனால் அறுபத்தெட்டு வயதில் இத்தனை எழுத்தையும் இங்கிலீஷில் ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னால் நடக்கிற காரியமா? தேடப் போனால் போலிப் பக்கம். இதற்கு ஒரே வழி, அந்த வீட்டுப் பொத்தானை நம் வீட்டுக்கே திருப்பி விடுவதுதான்.

இந்தப் பொத்தான் நேற்று முளைத்ததல்ல. 1993-ல் அமெரிக்காவில் இலினாய் பல்கலைக் கழகத்தார் வெளியிட்ட மொசைக் என்ற பிரௌசரிலேயே பின்னால் போக ஒன்று, முன்னால் போக ஒன்று, வீடு திரும்ப ஒன்று என்று பொத்தான்கள் இருந்தன. பிறகு 2008-ல் குரோம் வந்தது. அந்தக் குரோம் வேலையை முன்னின்று நடத்தியவர் சுந்தர் பிச்சை. பிறந்த ஊர் மதுரை. நம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான்! ஆனால் கம்ப்யூட்டரில் போடுகிற குரோமில் வீட்டுப் பொத்தானை ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அமைப்புக்குள் போய்க் கேட்டால்தான் வெளியே வரும். நம் சென்னை ஜோஹோ கம்பெனியார் 2023-ல் ஒரு பிரௌசர் கொண்டு வந்து அதற்கு 'உலா' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். உலாப் போகிறவனும் ஒருநாள் வீடு திரும்பித்தானே ஆக வேண்டும்!

நிற்க. பெரியம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் அரசுத் தளத்தின் விலாசத்தை நானே எழுத்துப் பிசகாமல் தட்டி, பக்கம் வந்ததும் அந்த விலாசத்தைக் காப்பி செய்துகொண்டேன். பிறகு குரோமின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'செட்டிங்ஸ்' போனேன். அதில் 'ஹோம்பேஜ்' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் மேலே ஒரு சுவிட்சு; அதை அணைத்தால் வீட்டுப் படமே மறைந்துவிடும். கீழே இரண்டு வழிகள்: ஒன்று, ஏற்கெனவே வைத்திருக்கும் பக்கம், மற்றொன்று, நாமே விலாசம் எழுதும் கட்டம். இரண்டாவதைத் தொட்டு, காப்பி செய்ததை ஒட்டினேன். வேலை முடிந்தது. காப்பி ஆறுவதற்குள் எல்லாம் ஆயிற்று.

ஐபோன் சஃபாரியில் இந்த வீட்டுப் பொத்தான் இல்லை. அவர்கள் 'ஷேர்' பொத்தானைத் தொட்டு, பக்கத்தையே போனின் முகப்பில் ஒரு படமாக ஒட்டிக்கொள்ளலாம்.

"படம் உச்சியில இருக்கு தம்பி, கட்டைவிரல் எட்டலையே" என்றாள் பெரியம்மா. நியாயமான புகார். 2021-ல் ஐபோன்காரர்கள் விலாசக் கட்டத்தை மேலேயிருந்து கீழே இறக்கியபோது, "ஐயோ, பழக்கம் போச்சே!" என்று உலகமெங்கும் பலர் கூச்சல் போட்டார்கள். "சரி, மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். ஆண்ட்ராய்டு குரோமிலும் 2025-ல் அந்த வசதி வந்தது. செட்டிங்ஸில் 'அட்ரஸ் பார்' என்பதைத் தொட்டு, 'மேலே' என்பதைக் 'கீழே' என்று மாற்றினேன். வீடும் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பொத்தான் வழி காட்டும், காவல் காக்காது. போனுக்கு வருகிற ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. போன் இன்னொருவர் கைக்குப் போய் வந்தால், வீட்டைத் தொட்டுப் பார்த்து, விலாசத்தின் வாலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நாம் மாற்றியதை இன்னொருவரும் மாற்றலாம் அல்லவா?

வேடசந்தூர் பஸ் ஏறுவதற்கு முன் பெரியம்மாவை நாலு தடவை தொட்டுக் காட்டச் சொன்னேன். நாலு தடவையும் சரியாகப் போய்ச் சேர்ந்தாள். "இனிமே யார் காலையும் பிடிக்க வேண்டாம்ல?" என்றாள். மூன்று மாதமாக அவள் மனத்தில் இருந்தது இருபது ரூபாய்க் கணக்கல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேற்று இரவு போன் செய்தாள்.

"நானே பார்த்தேம்ப்பா. இன்னும் பேர் மாறலை. உங்க பெரியப்பா பேர்தான் இருக்கு."

"அடுத்த வாரம் மாறிடும், பெரியம்மா."

"மாறட்டும், மெதுவா மாறட்டும். அதுவரைக்கும் வீட்டைத் தொட்டா அவுக பேர் வருதுல்ல, பார்த்துக்கிறேன்" என்றாள்.