வானத்துக்கு வரம்பு போட்டார்கள். வயலுக்கு யார் போடுவது?

தலையங்கம்



சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துச் சம்சாரிகளே!

முந்தியெல்லாம் நம்ம வயலுக்கு மேலே பறந்தது கொக்கும் மயிலும்தான். இப்போ ட்ரோன் பறக்குது. முதுகிலே டேங்க் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அடிக்கிற மருந்தை, அரை மணி நேரத்தில் அடித்துவிட்டுப் போகிறான் ஒரு பையன். வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். மூக்கில் மருந்து வாடை ஏறாமல், கால் சேற்றில் புதையாமல் வேலை முடிந்தால் யாருக்குத்தான் கசக்கும்? நாம் இந்த எந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. டிராக்டர் வந்தபோதும் எதிர்க்கவில்லை. அறுவடை எந்திரம் வந்தபோதும் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இந்த எந்திரம் எவ்வளவு உயரத்தில் பறக்கலாம், எவ்வளவு தாழ்ந்து பறக்க வேண்டும், தப்பு நடந்தால் யார் பொறுப்பு? இதை நமக்கு யாராவது சொன்னார்களா?

சொல்லவில்லை. ஆகவே நாமே சொல்லுகிறோம்.

400 அடி என்ற கணக்கு

மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகளை வெளியிட்டது. நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரித்தது. பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். அதற்கு மேலே போனால் மஞ்சள். விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். எந்த ஊர் எந்த நிறம் என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ என்ற இணையதள வரைபடத்தில் பார்க்கலாம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

400 அடி என்றால் எவ்வளவு? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. ஒன்றின் தலையில் இன்னொன்றைத் தூக்கி வைத்தாலும் 384 அடிதான் வரும். இன்னும் 16 அடி மிச்சம் இருக்கும். மருந்து அடிக்கிற ட்ரோனுக்கு அவ்வளவு உயரம் எதற்கு? பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் பறந்தால்தான் மருந்து இலையில் விழும். ஆகவே 400 அடி வரம்பு விமானத்தைக் காப்பாற்றப் போட்டது. நம்மைக் காப்பாற்றப் போட்டது அல்ல. இதை முதலில் மனசில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

மலை அடிவாரத்தில் கணக்கு தப்பும்

இந்த வரம்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘தரையிலிருந்து’ என்றால் எந்தத் தரை? ட்ரோன் அந்த நேரத்தில் எந்த நிலத்துக்கு மேலே நிற்கிறதோ, அந்த நிலத்திலிருந்து. ஆனால் சாதாரண ட்ரோன் காட்டுகிற உயரம், அது கிளம்பிய இடத்திலிருந்து ஏறிய உயரம். கீழே நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. சமவெளியில் இரண்டும் ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒன்றல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ்க்காட்டு வரப்பிலிருந்து 30 மீட்டர் உயரம் வைத்து மலைப் பக்கமாக விடுகிறான். போகிற வழியில் நிலம் 20 மீட்டர் ஏறிவிட்டது. கருவியில் 30 என்றே காட்டும். ஆனால் நிலத்துக்கும் ட்ரோனுக்கும் நடுவே இருப்பது 10 மீட்டர்தான். அங்கே 20 மீட்டர் தென்னை நின்றால் நேராகப் போய் மட்டையில் மாட்டும். இதையே திருப்பிப் போடுங்கள். மேல்காட்டிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் கிளப்பிக் கீழே கண்மாய்ப் பக்கமாக விட்டால், நிலம் 40 மீட்டர் இறங்கியிருந்தால் உண்மையான உயரம் 140 மீட்டர். கருவி 100 என்று சொல்லும். ஆனால் விதி மீறியாகிவிட்டது. பறக்க விட்டவனுக்கே தெரியாமல் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

இன்னொன்று. பேட்டரி தீர்ந்தாலோ ரிமோட் தொடர்பு அறுந்தாலோ ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பும்போது முன்கூட்டி வைத்த உயரத்தில் நேர்கோட்டில் வரும். அந்த உயரம் சுற்றியிருக்கிற உயரமான மரத்தை, டவரை, கரண்ட்டுக் கம்பியை விட அதிகமாக இருக்க வேண்டும். நெல் வயலுக்கு வைத்த உயரத்தை மாற்றாமல் தென்னந்தோப்புக்கு வந்தால் எந்திரமும் போச்சு, கீழே நிற்கிறவன் தலையும் போச்சு. நிலத்தின் மேடு பள்ளத்தை ரேடாரில் அளந்து பறக்கிற ட்ரோன்கள் இருக்கின்றன. ஆனால் மெல்லிய கம்பியை எல்லாக் கருவியும் கண்டுகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

டவரும் கம்பியும்

உயரமான கட்டடத்துக்குப் பக்கத்தில் என்ன விதி? அமெரிக்காவில் 2016-லிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, பொதுவான வரம்பு 400 அடி. ஆனால் ஒரு டவரைச் சுற்றி 400 அடி வட்டத்துக்குள் பறந்தால், அந்த டவரின் உச்சிக்கு மேலே இன்னும் 400 அடி வரை போகலாம். ஐரோப்பாவில் 120 மீட்டர். 105 மீட்டரைத் தாண்டிய கட்டுமானமாக இருந்தால், அதன் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால், 50 மீட்டர் சுற்றளவுக்குள் அதன் உச்சிக்கு மேல் 15 மீட்டர் வரை போகலாம். நம்ம 2021 விதியில் இப்படித் தனியாக ஒன்றும் எழுதவில்லை. கீழே காற்றாலை நின்றாலும் கோபுரம் நின்றாலும் 400 அடியைத் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டியதுதான்.

டவர்காரனுக்கும் காற்றாலைக்காரனுக்கும் அனுமதி வாங்க ஆபீஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அவர்கள் பாடு அவர்களோடு. நமக்குப் பயம் மேலே அல்ல, கீழே. வயலுக்குக் குறுக்கே தொய்ந்து தொங்குகிற கரண்ட்டுக் கம்பி எத்தனை! ஆள் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்குகிறது என்று மனுக் கொடுத்து ஓய்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கம்பியில் ட்ரோன் உரசி அறுந்து தண்ணீர் நிற்கிற வயலில் விழுந்தால் போவது யார் உயிர்? நாற்று நடுகிற நம்ம வீட்டுப் பெண்களின் உயிர்.

காசர்கோடு மறந்துபோச்சா?

வானத்திலிருந்து மருந்து அடிப்பது புதுசு இல்லை. பக்கத்துக் கேரளத்தில், காசர்கோடு மாவட்டத்தில், அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மரத்தலையை ஒட்டிப் பறந்து தெளிக்க வேண்டும். ஆனால் அது மேடும் பள்ளமுமான மலங்காடு. ஒட்டிப் பறக்க முடியவில்லை. மேலேயிருந்து விட்டார்கள். காற்று கொண்டுபோய் வீட்டு முற்றத்திலும் கிணற்றிலும் ஓடையிலும் போட்டது. பிறவிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகள், புத்தி வளராத பிள்ளைகள், புற்றுநோய் வந்தவர்கள் என்று ஊர் ஊராக வரிசை நின்றது. உச்ச நீதிமன்றம் 2011-ல் அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-ல் உத்தரவிட்டது. பணம் வந்தால் பிள்ளை எழுந்து நடக்குமா?

ட்ரோன் ஹெலிகாப்டர் இல்லை, ஒத்துக்கொள்கிறோம். தாழ்வாகப் பறக்கும், சின்ன இடத்தில் அடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கையால் அடிக்கும்போது ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணீர் கலக்கிறோம். ட்ரோனில் சுமார் 10 லிட்டர்தான். அதே மருந்து, பத்தில் ஒரு பங்கு தண்ணீர்கூட இல்லை. அந்தச் சாரல் அடர்த்தியான விஷம். சொட்டும் சன்னமானது. இரண்டு மீட்டரில் அடித்தால் பயிரில் விழும். மரத்துக்கும் கம்பிக்கும் பயந்து எட்டு மீட்டரில் அடித்தால் பக்கத்துக்காரன் கீரைப் பாத்தியில் விழும், தேனீப் பெட்டியில் விழும், கண்மாயில் விழும். சாயங்காலம் மலையிலிருந்து இறங்குகிற காற்று நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து ட்ரோன் விடுகிற பையனுக்குத் தெரியுமா?

இதற்கும் வழிமுறை இருக்கிறது. மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. அனுமதித்த மருந்தைத்தான் அடிக்க வேண்டும். அனுமதித்த உயரத்துக்கு மேலிருந்து அடிக்கக் கூடாது. 24 மணி நேரம் முன்னாடியே ஊராட்சிக்கும் வேளாண் அலுவலருக்கும் சொல்ல வேண்டும். அடிக்கிற இடத்தில் ஆளும் மாடும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் என்றைக்காவது யாராவது தண்டோரா போட்டார்களா? நோட்டீஸ் ஒட்டினார்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

மானியம் யாருக்கு, பொறுப்பு யாருக்கு?

சிறு, குறு விவசாயிக்கு ட்ரோன் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் மானியம் என்று அறிவித்தார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரை என்று 2023 நவம்பரில் 1,261 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். பெண்கள் கையில் எந்திரம் வருவதை வரவேற்கிறோம். ஆனால் ஒன்றரை ஏக்கர்காரன் மிச்சம் 5 லட்சத்துக்கு எங்கே போவான்? மருந்தடிக்கிற ட்ரோனை ஓட்டச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும். நம்மில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கமலை ஓட்டப் போனவர்கள். ஆகவே நாம் வாடகைக்குத்தான் கூப்பிடப் போகிறோம். கூப்பிடுகிறவனுக்குத் தெரிய வேண்டிய சட்டம் தமிழில் அவன் கைக்கு வர வேண்டாமா? டேங்க் தூக்கி மருந்தடித்துப் பிழைத்த கூலிக்காரருக்கு மாற்று வேலை என்ன என்று ஒருத்தராவது யோசித்தார்களா?

பெரும்பாலான சம்சாரிக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்லுகிறோம். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு, மோட்டார் வாகனத்துக்கு இருப்பது போல மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்று 2021 விதியே சொல்கிறது. ட்ரோன் விழுந்து மாடு செத்தால், ஆளுக்கு அடிபட்டால், நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது. அடுத்த முறை ட்ரோன்காரர் வந்தால் கூலி பேசுவதற்கு முன்னால் மூன்று தாளைக் கேளுங்கள்: ட்ரோனின் பதிவு எண், ஓட்டுகிறவரின் சான்றிதழ், காப்பீடு. காட்ட மறுத்தால் வரப்பிலேயே திருப்பி அனுப்புங்கள்.

காட்டு ஓரத்துக் கதை

நம்ம மேற்கே இருப்பது வெறும் மலை இல்லை. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் விட முடியாது. சரி, காட்டைக் காப்பாற்றட்டும். ஆனால் காட்டு எல்லையை ஒட்டி உள்ள பட்டா நிலத்தில் எந்த வரப்பு வரைக்கும் விடலாம்? கோடு எங்கே? தெரியாமல் பத்தடி தாண்டிய சம்சாரி மேல் வழக்கு வருமா? தோப்பில் யானை புகுந்து தென்னையைச் சாய்த்தால் ராத்திரியெல்லாம் தகரம் தட்டுவது நாம்தான். கோவை மாவட்டத்தில் வனத்துறை வெப்பம் உணரும் கேமரா வைத்த ட்ரோனால் யானையைக் கண்காணிக்கிறது. அந்த வசதி பிளவக்கல் அடிவாரத்துக்கு ஏன் வரக் கூடாது?

இதற்கு நடுவில் 2025 செப்டம்பரில் மத்திய அரசு புதிய ட்ரோன் மசோதாவின் வரைவைக் கருத்துக்கு விட்டது. அதில் அபராதம் மட்டும் இல்லை, சிறைத் தண்டனை வரைக்கும் ஷரத்து வைத்தார்கள். சட்டம் தெரியாதவனைச் சிறை காட்டி மிரட்டுவதற்கு முன்னால், சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதுதானே முறை?

நமது கோரிக்கைகள்

1. ட்ரோன் விதிகளும் மருந்து தெளிப்பு வழிமுறைகளும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

2. அந்தந்த ஊரின் பச்சை, மஞ்சள், சிவப்புப் பகுதி, மின்கம்பி, செல்போன் டவர், காட்டு எல்லை எல்லாம் குறித்த வரைபடத்தை ஊராட்சி, பேரூராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும்.

3. மருந்து அடிக்க 24 மணி நேரம் முன்பு அறிவிப்பதைக் கட்டாயமாக நடைமுறைப்படுத்த வேண்டும். எந்த மருந்து, யார் நிலம், எந்த நேரம் என்று பலகையில் எழுத வேண்டும்.

4. அடிவாரப் பகுதியில் நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து பறக்கிற ட்ரோனை மட்டுமே மருந்தடிக்க அனுமதிக்க வேண்டும். வீடு, கிணறு, கண்மாய், பள்ளிக்கூடம் பக்கத்தில் விட வேண்டிய இடைவெளியைத் தெளிவாக அறிவிக்க வேண்டும்.

5. வயலுக்குக் குறுக்கே தொய்ந்து கிடக்கிற மின்கம்பிகளை உடனே இழுத்துக் கட்ட வேண்டும்.

6. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையே சிறு விவசாயிக்குக் குறைந்த வாடகையில் ட்ரோன் கொடுக்க வேண்டும். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் மருந்தடிக்கிற கூலித் தொழிலாளருக்கும் இலவசப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

7. காட்டு ஓரத்தில் யானை, பன்றி நடமாட்டத்தைக் கண்காணிக்க வனத்துறை ட்ரோன் அமர்த்தி, கிராமத்துக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும்.

விவசாயப் பெருமக்களே!

விமானத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்று வானத்தில் 400 அடிக்குக் கோடு போட்டவர்கள், சம்சாரிக்கு ஆபத்து வரக் கூடாது என்று வயலில் ஒரு கோடு போட மறந்துவிட்டார்கள். நாம் நினைவூட்டினால்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒற்றை ஆளாக மனுவோடு போனால் ஒரு ரசீது கிடைக்கும். நூறு பேராகப் போனால் பதில் கிடைக்கும். அடுத்த கிராம சபையில் மூன்றாவது கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பேரூராட்சி மக்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள்.

எந்திரம் வரட்டும். விதியோடு வரட்டும்! பொறுப்போடு வரட்டும்!

மண்ணுக்கு உரியவன் சொல்லாமல் மண்ணுக்கு மேலே எதுவும் பறக்கக் கூடாது!

சிந்திப்பீர்! சங்கமாய்த் திரள்வீர்!